கத்திக்குப் பிடி போட எந்த மரம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், தேய்ந்துபோன அரத்திலிருந்து கையடக்கமான கத்தி ஒன்றைச் செய்யும் முறையை விளக்கியிருந்தேன். அலகைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு, பிடியைப் பற்றி மட்டும் "நல்ல மரத்தில் பிடி போட்டுக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கேட்டது நியாயம்தான் என்பதால், ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் பிடிக்கே ஒதுக்கியிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். அலகின் பின்னால் நீண்டு பிடிக்குள் அமரும் எஃகுப் பகுதியை 'வால்' என்று குறிப்பிடுகிறேன். அது பிடியின் முழு வடிவத்திலும் இருந்து, இருபுறமும் மரப் பலகை ஒட்டி ஆணியிட்டால் முழுவால். மெலிந்து சென்று கட்டையின் துளைக்குள் மறைந்துவிட்டால் மறைவால்.

கேள்வி: கத்திக்குப் பிடி போடுவது எனக்கு இதுவே முதல் முறை. அதிகம் செலவழிக்க இயலாது. தேக்கு, ஈட்டி, கருங்காலி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எந்த மரத்தில் தொடங்கலாம்?

பதில்: மரத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் கொடுப்பதாகும். கோணலும் கணுவும் இல்லாத நீண்ட பலகை எளிதில் அமையாது என்பதால்தான் அதற்கு அந்த விலை. கத்திப் பிடிக்கோ ஒரு சாண் கட்டை போதும். 120 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் பிடி முழுவதும் 72 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, தச்சு வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் மரங்களைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். புளி, சீமைக் கருவேலம், கொய்யா ஆகியவை வளைந்தும் முறுக்கியும் வளர்வதால் கதவுக்கோ மேசைக்கோ உதவாமல் அடுப்புக்குப் போகின்றன. ஆனால் புளியின் வைரமும் (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) சீமைக் கருவேலத்தின் வைரமும் தேக்கைவிட நன்றாகவே கடினமானவை. அதிலும் சீமைக் கருவேலம், உலரும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் ஒன்று. கடினமான மரம் ஒன்றில் இந்தக் குணம் அமைவது அரிது. கொய்யா நெருக்கமான இழை கொண்டது; அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் நன்றாகப் பணியும். ஒரு பெரிய கிளையில் கோணலில்லாத ஒரு சாண் கட்டை எங்காவது இருக்கத்தான் செய்யும்.

உலர்ந்த மரத்தையே வாங்கிவிட வேண்டும் என்றால், மரக்கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் ஒதுக்கப்படும் வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள். தேக்கு, சிசு, வேம்பு, பூவரசு ஆகிய எதன் வைரமும் பிடிக்கு உகந்ததே. வால்நட், மேப்பிள், பீச் (beech; பழம் தரும் பீச் அன்று) போன்றவை எளிதில் கிடைக்கும் இடங்களில் இருப்பவர்கள் அவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி 1890 முதல் இருந்துவருகிறது. அதன் வழக்கமான பிடி பீச் மரம்தான். பின்லாந்தின் புக்கோ கத்திகளுக்கு பிர்ச் மரப் பிடி போடுவார்கள். பீச்சும் சரி பிர்ச்சும் சரி, விளையும் நாடுகளில் விறகாக எரிக்கப்படும் அளவுக்குச் சாதாரணமானவை.

மரத்தின் பெயர் தெரியாத துண்டு கையில் கிடைத்தாலும் அதைச் சோதித்துவிடலாம். கட்டைவிரல் நகத்தை அழுத்தி இழையோட்டத்துக்குக் குறுக்கே இழுங்கள். பள்ளம் விழுந்தால் பக்கப் பலகைக்கு அது மெத்தென்று இருக்கும். மினுமினுப்பான கோடு மட்டும் விழுந்தால் போதுமான கடினம் உண்டு. அடுத்து, துண்டின் முனையில் இழைகள் குறுக்கே அறுபட்டிருக்கும் வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் வழித்துவிட்டு ஒரு சொட்டு நீர் வையுங்கள். சில நொடிகளில் சொட்டு உள்ளே இறங்கிவிட்டால் நுண்துளைகள் திறந்திருக்கின்றன என்று பொருள். செவ்வோக் (ரெட் ஓக்) மரத்தின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதினால், மறுமுனையை நீரில் அமிழ்த்தியிருக்கும்போது குமிழி கிளம்பும். அவ்வளவு திறந்த குழாய்கள் அவை. ஈரம் படும் சமையலறைக் கத்திக்கு அத்தகைய மரம் ஏற்றதன்று.

இழையோட்டத்தைக் கடைசியாகச் சொல்வதால் அது முக்கியமில்லை என்று எண்ண வேண்டாம். இழை பிடியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால் இழைக்கோடுகள் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை செல்ல வேண்டும். நடுவழியிலேயே சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் பிடி ஒருநாள் முறியும். அழகுக்காகக் கணுவுள்ள துண்டைத் தேர்ந்தெடுப்பவர்கள், கணு ஆணித் துளையிலிருந்தும் பிடியின் மெல்லிய இடத்திலிருந்தும் விலகியிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வெட்டிப்போட்ட கொய்யாக் கிளையிலிருந்து மறைவால் கத்திக்குப் பிடி செதுக்கினேன். செய்த அன்று கல்லைப்போல் உறுதியாக இருந்தது. இரண்டு மாதத்தில் முனையில் வெடிப்பு விழுந்து, அலகு ஆடத் தொடங்கிவிட்டது. மரம் சரியில்லையா, பசை சரியில்லையா?

பதில்: இரண்டும் சரிதான், அவசரம்தான் சரியில்லை. பசுமரத்தின் செல்களுக்கு உள்ளே தேங்கிய நீரும் உண்டு, செல்சுவரிலேயே ஊறிய நீரும் உண்டு. உள்ளே தேங்கியது வெளியேறும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல்சுவர் உலரத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அதனால்தான் செய்த அன்று உறுதியாக இருந்த பிடி, வாரங்கள் கழித்து வேலையைக் காட்டுகிறது. சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் தொல்லையில்லை. ஆனால் நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. வளர்ச்சி வளையங்களின் போக்கில் பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்குகின்றன. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறத்தாழப் பாதிதான். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள பிடியில் 8 சதவீதம் என்பது 2.4 மில்லிமீட்டர். அவ்வளவு இடத்தை விட்டு மரம் விலகும்போது எந்தப் பசையும் தாங்காது. கிளையை உருளையாகவே பயன்படுத்தி, நடுச்சோறு (கிளையின் மையத்தில் ஓடும் மெத்தென்ற பகுதி) பிடிக்குள் இருக்கும்படி விட்டிருந்தால் வெடிப்பு நிச்சயம். வளையத்தின் சுற்றளவு அதிகமாகவும் ஆரம் குறைவாகவும் சுருங்கினால், அந்த வட்டம் எங்காவது ஓரிடத்தில் பிளந்தே ஆக வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். பச்சைக் கிளையை நடுச்சோற்றின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அந்தச் சோற்றைச் சுற்றியுள்ள ஒரு விரற்கடை மரத்தைச் சீவி எறிந்துவிடுங்கள். மிச்சத்தைத் தேவைக்கு மிஞ்சிய அளவில், அதாவது 160 மில்லிமீட்டர் நீளமும் 45 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் கனமுமாக வெட்டிக்கொள்ளுங்கள். இரு வெட்டுமுகங்களையும் அன்றே உருக்கிய மெழுகில் தோய்த்துவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போடக் கூடாது. வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக நீரை இழப்பதால், மூடாமல் விட்டால் முனை மட்டும் முந்திக்கொண்டு உலர்ந்து பிளக்கும். பிறகு வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி சட்டங்களின் மேல் அடுக்கி வையுங்கள்.

உலர்ந்துவிட்டதா என்பதை நாள்கணக்கால் அறிவதைவிடத் தராசால் அறிவது நல்லது. என் குறிப்பேட்டில் ஒரு கொய்யாத் துண்டின் எடை வாரந்தோறும் இப்படி இருக்கிறது: 285 கிராம், 262, 246, 234, 226, 221, 218. அதன் பிறகு மிக மெதுவாக இறங்கி, பதினான்காவது வாரத்தில் 215 கிராமில் நின்றது. தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால், அந்தத் துண்டு உங்கள் அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று தச்சர்கள் சொல்லும் கணக்கு பெரிய பலகைகளுக்கானது. இத்தகைய சிறு துண்டுகள் மூன்று நான்கு மாதங்களில் உலர்ந்துவிடுவதுண்டு. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைத்து விரைவுபடுத்தலாமே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். வெளிப்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாக நிற்கும்போதுதான் மரம் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அது செதுக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது என்பதால், எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை.

கேள்வி: தரமான பிடி வேண்டும் என்பதற்காகக் கருங்காலிக் கட்டையை அதிக விலை கொடுத்து வாங்கினேன். ஒரு பக்கப் பலகையில் ஆணியை ஒட்டிக் கீறல் விழுந்துவிட்டது. விலையுயர்ந்த மரத்திலும் இப்படி நடக்குமா?

பதில்: விலையுயர்ந்த மரத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான்கு பக்கமும் மெழுகு பூசிய கருங்காலித் துண்டு ஒன்றை வாங்கிவந்து, அன்று மாலையே மெழுகைச் சுரண்டி, மறுநாள் பக்கப் பலகையாக அறுத்து ஒட்டிவிட்டேன். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் எடுத்துப் பார்த்தால், முன் ஆணிக்கும் நடு ஆணிக்கும் இடையே மயிரிழைபோல ஒரு கீறல். நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. மரம் முழுவதும் மெழுகு பூசியிருப்பது பெரும்பாலும் அது இன்னும் உலரவில்லை என்பதற்கான அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கருங்காலி நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அவ்வளவு அடர்த்தியான மரத்திலிருந்து ஈரம் வெளியேற ஆண்டுகள்கூட ஆகலாம். பக்கப் பலகை வாலோடு முழுவதும் ஒட்டப்பட்டிருக்கிறது, மரம் குறுக்கே சுருங்க முயல்கிறது, எஃகு சுருங்குவதில்லை. இந்த இழுபறியில் முதலில் விட்டுக்கொடுப்பது ஆணித் துளைதான். ஆணியைச் சுத்தியலால் அடித்துத் தலைவிரித்திருந்தால் துளையின் விளிம்பில் முன்பே ஒரு நுண்கீறல் இருந்திருக்கும். இறுக்கமில்லாமல் நழுவி இறங்கும் அளவில் துளையிட்டு, பித்தளைக் கம்பியைப் பசையோடு செருகி, மேலே அறுத்துத் தேய்ப்பது இத்தகைய நொறுங்கும் மரங்களுக்குப் பாதுகாப்பானது.

எடையையும் பாருங்கள். மேலே சொன்ன 72 கன சென்டிமீட்டர் பிடியை, நீரில் பாதியளவே எடையுள்ள மரத்தில் செய்தால் 36 கிராம். கருங்காலியில் செய்தால் 75 கிராமை ஒட்டி வரும். மெல்லிய சிறு அலகின் பின்னால் இரு மடங்கு எடை தொங்கினால், கத்தி கையில் பின்பக்கமாகச் சாயும். கனத்த அலகுள்ள பெரிய கத்திக்கு அதே எடை சமநிலை தரும் என்பதும் உண்மை. ஈட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சொல். அது நல்ல மரம், எண்ணெய்ப் பசையும் உண்டு, பார்க்கவும் அழகு. ஆனால் ஈட்டியும் சிசுவும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி 2 முதல் இருக்கிறது. நாட்டெல்லையைத் தாண்டி வாங்கவோ அனுப்பவோ நினைப்பவர்கள் ஆவணங்களைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். பழைய நாற்காலிக் காலிலிருந்து ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

கேள்வி: பழைய மரச்சாமான்கள், சரக்குப் பெட்டிகளின் கட்டைகள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா? கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: பழைய மரச்சாமானைப்போல மலிவான, நன்கு உலர்ந்த மரம் வேறு எங்கும் கிடைக்காது. கட்டில் கால், கதவு நிலை, முறிந்த கோடரிக் காம்பு, சுத்தியல் பிடி என எதுவும் ஆகும். முறிந்த காம்பில் முறிவுக்கு அருகிலுள்ள மரத்தை ஒதுக்கிவிட்டு, மறுமுனையிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே நகர்த்திப் பார்ப்பது, புதைந்திருக்கும் ஆணியிடமிருந்து வாளின் பற்களைக் காக்கும். மிகப் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக் கூடாது. பூச்சோடு சேர்த்து ஓரத்தை அறுத்து எறிந்துவிடுவதே நல்லது.

குண்டூசித் தலையளவு துளைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால் மரத்துக்குள் வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் மாச்சத்து மிகுந்த வெளிறையே (பட்டையை ஒட்டிய முற்றாத மரத்தையே) தின்னும். வைரப் பகுதி மட்டும் துளையின்றி இருந்தால் அதைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். மா, ரப்பர் போன்ற மரங்களில் இதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும்.

சரக்குப் பெட்டிக் கட்டைகளில் தானியக்கதிர் வடிவச் சின்னமும் சில எழுத்துகளும் முத்திரையிடப்பட்டிருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் எட்டும்படி சூடாக்கியிருக்கிறார்கள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைச் செலுத்தியது, அதைத் தொடாதீர்கள். முத்திரையே இல்லாவிட்டாலும், மேலே எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள். பச்சை நிறம் ஏறிய, வெளிப்புற வேலைக்கென மருந்து செலுத்திய மரத்தில் ஆர்சனிக் கலந்திருக்க வாய்ப்புண்டு. கையில் பிடிக்கும் பொருளுக்கும் தேய்த்துத் தூளாக்கும் வேலைக்கும் அது எவ்வகையிலும் ஆகாது. பெட்டிக் கட்டைகள் பல பைன் வகை மென்மரம் என்பதால், நகச் சோதனையை இங்கே மறக்க வேண்டாம்.

கேள்வி: மென்மையான, இலேசான மரம்தான் கையில் இருக்கிறது. அதில் பிடி போடவே முடியாதா?

பதில்: முடியும். ஜப்பானியச் சமையலறைக் கத்திகள் பலவற்றின் பிடி, ஹோ எனப்படும் மக்னோலியா வகை மரத்தால் ஆனது. அது இலேசானது, தேக்கைவிட மென்மையானது. அங்கே பிடி என்பது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் உறுப்பு. அலகு நிற்கும், பிடி மாறும். மென்மரத்தை மெல்லிய பக்கப் பலகையாக முழுவாலில் ஒட்டினால் ஓரங்கள் சீக்கிரம் நசுங்கும். மறைவாலில் முழுக் கட்டையாகப் பயன்படுத்தி, முன்வாயில் பித்தளைப் பூண் ஒன்றை இறுக்கினால் பிளக்காமல் நிற்கும். பூணை மரத்துக்கேற்பச் செய்ய முயலாமல், பூணின் உள்வட்டத்துக்கேற்ப மரத்தைத் தேய்த்து, தட்டினால் மட்டுமே இறங்கும் அளவில் விடுங்கள்.

வாலைச் சூடாக்கி மரத்தில் எரித்து இறக்குவது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். துளை முழுவதையும் எரித்தே உண்டாக்கினால், வாலைச் சுற்றிக் கரிதான் இருக்கும். பசை கரியில் பற்றும், கரி மரத்தில் பற்றாது. முதலில் வாலைவிடச் சற்றுக் குறுகலாகத் துளையிட்டு, பொருத்தம் வருவதற்காக மட்டும் ஓரிரு நொடிகள் எரித்து, உள்ளே இருக்கும் கரியைச் சுரண்டிவிட வேண்டும். அப்போது அலகை ஈரத்துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். அரத்தின் எஃகு 200 பாகை செல்சியஸ் அளவிலேயே பதம் இளகத் தொடங்கும். வாலின் சூடு அலகுக்கு ஏறிவிட்டால், சென்ற இதழில் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

கேள்வி: கருவேல மரப் பிடியில், வாலை ஒட்டிய ஓரத்திலும் ஆணிகளைச் சுற்றியும் மை தடவியதுபோல் கறுத்துவிட்டது. மரம் அழுகுகிறதா?

பதில்: அழுகல் இல்லை. கருவேலம், ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. ஈரம் இருக்கும்போது அது இரும்போடு சேர்ந்து கருநீல நிறப் பொருளாகிறது. பழங்காலத்தில் எழுதும் மையைச் செய்ததே இந்த வேதிவினையால்தான். உங்கள் ஆணிகள் இரும்பு என்று தெரிகிறது. பித்தளை ஆணிகளுக்கு மாற்றி, வாலுக்கும் மரத்துக்கும் இடையே பசை இடைவெளியின்றி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்பட்ட கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி வெளுக்கச் செய்யலாம்; அது நச்சு என்பதால் கையுறை அணிந்து, பிறகு நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். வேறொரு மரத்தில் டானின் உண்டா என்று முன்கூட்டியே அறிய, இரும்புக் கம்பிநாரை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டை மரத்துண்டின் மேல் விடுங்கள். டானின் மிகுந்த மரம் கண்ணெதிரே கறுக்கும். சிலர் இதையே சாயமாகப் பயன்படுத்திப் பிடி முழுவதையும் கறுப்பாக்கிவிடுகிறார்கள். கருங்காலிக்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சம்.

கேள்வி: பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசிவந்தேன். சில வாரங்களில் பிசுபிசுப்பும் வாடையும் வந்துவிட்டன. என்ன பூச வேண்டும்?

பதில்: எண்ணெய்களில் காற்றுப் பட்டு இறுகுபவை உண்டு, இறுகாதவை உண்டு. தேங்காயெண்ணெய் இறுகாதது, மரத்துக்குள் திரவமாகவே தங்கித் தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கடிக்கும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் இறுகும் வகை. 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் விரைவில் உலர்த்தும் உலோக உப்புகள் கலந்திருப்பதால், கடைகளில் மரப்பூச்சாக விற்கும் அதைச் சமையலறைக் கத்திக்குப் பூசினால் முழுவதும் இறுகும்வரை பல நாள் விட்டுவைக்க வேண்டும். கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெய் மெதுவாக உலரும். பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

பூசுவதற்கு முன், உப்புத்தாளில் 120, 220, 400 என்று படிப்படியாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். படுத்திருந்த நார்கள் எழும்பி நிற்கும். அவற்றை 400 எண் தாளால் மீண்டும் தேய்த்துவிட்டால், பிறகு நீர் பட்டாலும் பிடி சொரசொரக்காது. எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து, மேலே நிற்பதை ஒன்றுவிடாமல் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டதுதான் பிசுபிசுப்பாகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கைந்து முறை பூசி, கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்தால் போதும். பளபளக்கும் தடித்த வார்னிஷை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரக் கையில் வழுக்குகிறது, ஓரிடத்தில் பெயர்ந்தால் அதன் வழியாக நீர் புகுந்து வெளியேற முடியாமல் தங்குகிறது. தேக்கிலும் ஈட்டியிலும் இயல்பான எண்ணெய்ப் பசை உள்ளதால், எப்பாக்சிப் பசை வைப்பதற்குச் சற்று முன் ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைப்பது நல்லது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியிடுகிறது. கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கினால், தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். துணியைத் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்திவிடுங்கள்.

கேள்வி: பிடிக்கு எந்த மரத்தையும் எடுக்கலாமா? நச்சு மரம் என்று ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். தோலிலும் கொப்புளம் எழுப்பும். அரளியின் எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உள்ளது. குளிர்நாடுகளில் வளரும் யூ மரத்திலும் நஞ்சு உண்டு. இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். சேங்கொட்டை, முந்திரி, மா ஆகியவை ஒரே குடும்பம். அவற்றின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஈட்டியின் தூளும் தேக்கின் தூளும் ஒவ்வாமை தரக்கூடியவை. நச்சில்லாத மரத்தின் தூள்கூட மூச்சில் போகக் கூடாது: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. உப்புத்தாளைக் கையிலெடுக்கும் முன் நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதற்கு ஈடாகாது.

கேள்வி: பனையின் கறுப்பு வைரத்தில் பிடி போடலாமா? பார்க்க மிக அழகாக இருக்கிறது.

பதில்: போடலாம், ஆனால் முதல் பிடியாக வேண்டாம். பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. மெத்தென்ற பொருளுக்குள் இரும்புக் கம்பிபோன்ற நார்க்கட்டுகள் நிறுத்தியதுபோன்ற அமைப்பு அது. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்பகுதி பள்ளமாகி, நார்கள் மேடாக நிற்கும். உளியால் இழுத்தால் நார் சிலாம்பாகக் கிளம்பிக் கையில் ஏறும். அடிமரத்தின் வெளிப்புறத்திலிருந்து மிக அடர்த்தியான துண்டை மட்டும் எடுத்து, நீர்போல் இளகிய எப்பாக்சியை அது குடிக்கும்வரை தடவி இறுகவிட்டு, அதன் பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தட்டையாகத் தேய்த்தால் நார்கள் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெளிந்து வரும். பக்கப் பலகை இரண்டையும் ஒரே துண்டிலிருந்து புத்தகம் விரிப்பதுபோல் பிளந்து எடுத்துக்கொள்ளுங்கள். பனையில் இரு துண்டுகளின் நிறம் ஒத்துப்போவது அரிது.